கரும்பில் காணாத இடைவெளி

நலம் நிறைக! வெண்குன்ற நாடுடையாரும், ஏழேரி கண்டாரும், கரும்பு வேலியாருமாகிய வேள் மாவந்தனார் திருமுன்பு, ஆற்றுக்கு இப்பாலுள்ள நீர்முல்லை நாட்டு அரசியாரும் தங்கள் ஒரே மகளாருமான அல்லியங்கோதைத் தேவியார் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் அடியேன் எழுதிய ஓலை. தங்கள் ஏரிகள் நிறைந்திருக்க. மாடத்து விளக்குகள் குறையாதிருக்க.

அறுவடையின் முதற் கரும்பை அரசர் கடித்து, கடித்த தடத்தோடு மணமாகிப் போன மகளுக்கு அனுப்புவது வெண்குன்றத்து வழக்கம். பத்தொன்பது ஆண்டுகளாக, அக்கரும்பு வந்ததும் அரசியார் அவையைக் கலைத்துவிட்டுத் தனியே அமர்ந்து, தந்தையாரின் முன்பல் இடைவெளி பதிந்த இடத்தை விரலால் தடவிப் பார்ப்பார். குதிரையினின்று விழுந்து தாங்கள் பெற்ற அந்த இடைவெளி வேறெந்த மன்னருக்கும் வாய்த்ததில்லை. பிறந்த வீடென்று அரசியாருக்கு மிஞ்சியது அவ்வளவே.

இவ்வாண்டுக் கரும்பில் அந்த இடைவெளி இல்லை. வரிசை தப்பாத இளம்பல் யாருடையதோ பதிந்திருந்தது. அரசியாரின் முகம் வாடிற்று, பின்பு சிவந்தது. கரும்பைக் கொணர்ந்த தங்கள் தூதர் கோளரியாரை அழைத்து, வேறொரு கரும்பைக் கடிக்கப் பணித்தார். இரு தடங்களும் ஒன்றாகவே இருந்தன. தூதர் உள்ளதைச் சொன்னார். கடைவாய்ப் பல்லொன்று இரண்டு பருவமாக அரசரை வாட்டுகிறது என்றும், கன்னம் வீங்கியும் கிராம்பை அடக்கிக்கொண்டு கொலுவிருக்கிறார் என்றும், ஏரிக்கரை முடியட்டும், திருவிழா முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று மருத்துவரைத் திருப்பி அனுப்புகிறார் என்றும், கடிக்க இயலாமற்போனதை மகள் அறிந்தால் கலங்குவாள் என்று, கரும்பைக் கடிக்கச் சொல்லித் தம்மிடம் நீட்டிவிட்டார் என்றும் கூறினார்.

மூன்று போர்களில் முன்னணியில் நின்றவர் பல் பிடுங்கும் ஒரு குறட்டுக்கு அஞ்சுவதா என்று அரசியார் சினந்தார். சினந்தபடியே அழுதார். அதை ஓலையில் எழுத வேண்டாம் என்றார், அடியேன் எழுதிவிட்டேன்.

விட்டுவைத்த பல்லின் சீழ் தாடைக்கு இறங்கும், காய்ச்சலில் கிடத்தும், முதிய உடலை வெகு விரைவில் வீழ்த்தும் என்று எம் பல் மருத்துவர் ஏகவீரர் சொன்னதிலிருந்து அரசியாருக்கு உணவு செல்லவில்லை. எம் வேந்தர் எல்லைப் போரில் இருக்க, அரியணையை விட்டு அவர் புறப்படவும் இயலாது.

தந்தையாருக்கு மகள் ஆணையிடுவது முறையன்று. ஆதலால் இதை ஓர் அரசுக்கு மற்றோர் அரசு விடுக்கும் ஆணையாகக் கொள்க. இவ்வோலையோடு ஏகவீரர் வருகிறார். அவர் வந்த நாளிலேயே தாங்கள் வாய் திறந்தருள வேண்டும். அது முடியட்டும், இது முடியட்டும் என்ற மறுமொழி ஏற்கப்படாது. தாயாரும் தம் பற்களை அவரிடம் காட்ட வேண்டும். தமக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொல்வதை மகளார் எந்நாளும் நம்பியதில்லை.

ஆறு வயதில், ஆடிய பல்லைப் பிடுங்க மருத்துவர் வந்தபோது தாம் அலறியதையும், தந்தையார் கையை நீட்டி, இதை இறுகப் பிடித்துக்கொள், எறும்பு கடித்தாற்போல் முடிந்துவிடும் என்று அருளியதையும் அரசியார் நினைவூட்டச் சொன்னார். தம் கையை அனுப்ப வழியில்லாமையால், இடக்கை வளையலைக் கழற்றி இத்துடன் அனுப்புகிறார். குறடு எடுக்கும்போது அதை இறுகப் பிடித்துக்கொள்க.

அன்னப் பொறி இட்டு, அரக்கு வைத்து முடித்தது. அடுத்த அறுவடைக்குக் கரும்பு வருக. தடத்தில் இன்னும் ஓரிடம் வெறுமையாயினும் குறைவில்லை. கடித்தவர் தாங்களாக இருக்க வேண்டும்.