தாய்மாமன் மடி

போடி,
ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் பாப்பாவும் சுகம். போனில் பேசினால் உனக்கு ஏதாவது சோலி வந்து பாதியில் வைத்துவிடுகிறாய், இல்லாவிட்டால் நான் அழுதுவிடுகிறேன். அதனால்தான் கடிதம்.

மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை, ராசிங்காபுரம் குலசாமி கோயிலில் பாப்பாவுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். நமக்கு அண்ணன் தம்பி இல்லை. பெரியப்பா மகன் சோலைமலை அண்ணன் உட்காரட்டும் என்கிறார் என் மாமியார். குரங்கணி ரோட்டில் ஜீப்பு ஓட்டுகிற மாதிரிதான் அவர் பிள்ளையையும் பிடிப்பார். மாட்டேன் என்றுவிட்டேன். என் பிள்ளைக்குத் தாய்மாமன் நீதான், உன் மடிதான்.

மச்சான் தவறி மூன்று வருஷம் ஆகிறது. அதைச் சொல்லி யாராவது முணுமுணுப்பார்கள். ஜனாதிபதியே உன்னை நம்பி ஹெலிகாப்டரில் ஏறுகிறார். இந்த நாலு பேருக்கா பயப்படுவது? கட்டாயம் வா.

உன் கார்த்தி

புது தில்லி,
ஜனவரி 19

செல்லக் கார்த்திக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். பாப்பா படத்தை என்னோடு ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் காட்டியாகிவிட்டது.

என் வேலையை நீ ரொம்பப் பெரிதாக நினைக்கிறாய். லடாக்கில் சிப்பாய்களுக்கு அரிசி மூட்டை இறக்கினேன், வெள்ளத்தில் கூரைமேல் நின்றவர்களைத் தூக்கினேன். அந்தச் சந்தோஷம் வேறு. இங்கே எல்லாம் ஒத்திகை. முதல் நாளே போய் இறங்கிப் பார்க்க வேண்டும். ஜனாதிபதி விழாவுக்குப் போனால் நாங்கள் ஹெலிகாப்டரை விட்டு நகரக் கூடாது. பாதி இந்தியாவில் இறங்கியிருக்கிறேன், ஒரு ஊரிலும் நின்று டீ குடித்ததில்லை. ஆனாலும் இறங்கும்போது அவர் திரும்பிக் கும்பிடுவார். அன்று முழுக்க மனசு நிறைந்திருக்கும்.

மார்ச் 2 அன்று ஜனாதிபதி பயணம் இருக்கிறது, நான்தான் ஓட்ட வேண்டும். சோலைமலை அண்ணனே உட்காரட்டும். பாப்பாவுக்குக் கம்மல் அனுப்புகிறேன். மனசு கோணாதே.

அக்கா முனீஸ்வரி

போடி,
ஜனவரி 27

அக்கா,

உனக்குப் பொய்கூடச் சொல்லத் தெரியவில்லை. ஜனாதிபதி என்றைக்கு எங்கே போகிறார் என்று நீ ஒருநாளும் முன்கூட்டிச் சொன்னதில்லை. அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, “எப்ப வருவேன்னு சொல்ல முடியாதும்மா” என்றாய். இப்போது ஒரு மாதம் முன்னாலேயே தேதி சொல்கிறாய் என்றால், அன்று நீ எங்கேயும் பறக்கவில்லை.

என் மாமியார் போன் போட்டார்களா? உள்ளதைச் சொல். எனக்குக் கோபம் அவர்கள்மேல் இல்லை, உன்மேல்தான்.

கார்த்திகா

புது தில்லி,
பிப்ரவரி 5

கார்த்தி,

பிடித்துவிட்டாய். போன் போட்டார்கள். திட்டவில்லை. “நீ எம்புட்டுப் பெரிய உத்தியோகத்துல இருந்தாலும் எனக்கு மகதான். எம் பேத்திக்கு மட்டும் வேணாம்த்தா” என்று அழுதார்கள். திட்டியிருந்தால் வந்திருப்பேன்.

ஆனால் நான் ஒதுங்கியது அவர்களுக்காக இல்லை. நாளைக்குப் பாப்பாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் என் மடியைச் சொல்வார்கள். ஊர் சொல்லட்டும். நீயும் ஒரு நிமிஷம் அப்படி நினைத்துவிட்டால்? மலைமேல் மேகத்துக்குள் வழி தெரியாமல் நின்றிருக்கிறேன், இப்படிப் பயந்ததில்லை. உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அக்கா

போடி,
பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பயந்த அந்த நிமிஷம் வந்து போய்விட்டது. சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன்.

உனக்கு முதல் கடிதம் போட்ட வாரமே பாப்பாவுக்குக் காய்ச்சல். உடம்பு அனலாகக் கொதித்தது. தேனிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, ‘அக்கா மடின்னு சொன்னதுக்கா இப்படி?’ என்று நினைத்தேன். வேறு யாரும் சொல்லவில்லை, நானேதான் நினைத்தேன். தொண்டையில் புண் என்று டாக்டர் மருந்து கொடுத்தார். காய்ச்சல் தெளிந்ததும் பாப்பா அடுப்படியில் பாத்திரத்தை உருட்டினாள். எனக்கு உன்னை நினைத்து அழுகையாக வந்தது.

அதற்குப் பிறகுதான் உன்னைத் திட்டி எழுதினேன். அப்படி நினைத்த பிறகும் உன்னைத்தான் கேட்கிறேன் அக்கா. இனியும் என்றைக்காவது புத்தி கெட்டு நினைத்தாலும் நினைப்பேன். அப்போதும் எனக்கு நீதான் வேண்டும்.

மாமியார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கோயிலுக்கு வருவார்களோ என்னவோ. என் வீட்டுக்காரர் உனக்கு மதுரைக்கு டிக்கெட் போட்டுவிட்டார். சீர்வரிசை ஒன்றும் வேண்டாம். மடியை மட்டும் கொண்டா.

உன் கார்த்தி