தப்புக்காரர் மகளின் தூக்கம்

தோட்டப் பள்ளிக்கூடம், அக்கரப்பத்தனை
4.3.1954

ஆண்டியப்பனுக்கு,

சுகம் விசாரிக்கிறேன். உமது மகள் காளியாயி தினமும் வகுப்பில் தூங்குகிறாள். பிரம்புக்கும் அசைவதில்லை. விடியலில் தப்புப் பறை அடித்து, லயத்து வீடுகள் முழுவதையும் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு எழுப்புகிற உமக்குச் சொந்தப் பிள்ளையை எழுப்ப முடியாதது விந்தைதான். இனியும் தூங்கினால் வரவு இடாப்பில் அவள் பெயரை வெட்டுவேன்.

இப்படிக்கு,
சி. ஜெயரத்தினம், ஆசிரியர்

ஐந்தாம் நம்பர் லயம்
6.3.1954

மரியாதைக்குரிய வாத்தியார் ஐயாவுக்கு,

நாங்கள் நலம். தாங்களும் நலமாயிருக்க வேண்டும். ஆனாலும் வயிறு எரிந்துதான் எழுதுகிறேன். காளியாயி எட்டு மணிக்கே படுத்து, என் தப்புச் சத்தத்துக்கு முதல் ஆளாய் எழுகிறவள். அப்படியும் சோற்றில் வைத்த கை தட்டில் இருக்கத் தூங்கிப்போகிறாள். சிரித்தால் முழங்கால் மடங்கி விழுகிறாள். இதைச் சோம்பல் என்கிறீர்களா?

நேற்று அவளை எழுப்ப, பிள்ளைகளை விட்டுக் காதருகே சிலேட்டில் தப்படிக்கச் சொன்னீர்களாம். “அப்பா, எனக்கே சிரிப்பு வந்திருச்சு, அதான் விழுந்துட்டேன்” என்று உடைந்த பல்லைக் காட்டினாள். என் தொழிலைக் கேலி செய்யுங்கள், எனக்குப் பழகிவிட்டது. ஒன்பது வயசுப் பிள்ளையை ஏன்? அவளை ஹட்டன் டாக்டரிடம் காட்டப் போகிறேன்.

ஆண்டியப்பன்

9.3.1954

ஆண்டியப்பனுக்கு,

பல் உடைந்ததற்கு வருந்துகிறேன். சிரித்தால் விழுகிற வியாதியை நான் கேள்விப்பட்டதில்லை. பெயரை வெட்டிவிட்டேன்.

சி. ஜெ.

19.3.1954

வாத்தியார் ஐயாவுக்கு,

டாக்டர் அவளுக்குச் சிரிப்பு மூட்டிப் பார்த்தார். நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டாள். இது நரம்பு வியாதி என்று எழுதித் தந்த துண்டு இத்துடன் இருக்கிறது. “தூக்கம் வந்தா கொஞ்ச நேரம் தூங்க விடுங்க, போதும்” என்றார். இதற்கா ஐயா இத்தனை அடி?

இப்போது அவள் வாயைப் பொத்திக்கொண்டே திரிகிறாள். சிரிப்பதே இல்லை. வியாதி கடவுள் கொடுத்தது. இந்தப் பயம் நீங்கள் கொடுத்தது. திங்கட்கிழமை கூட்டி வருகிறேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். இல்லையென்றால் அந்த நிமிஷமே திரும்பக் கூட்டிப் போய்விடுவேன்.

ஆண்டியப்பன்

22.3.1954

மதிப்புக்குரிய ஆண்டியப்பன் அவர்களுக்கு,

இன்று காலை நான் மன்னிப்புக் கேட்டதும் நீங்கள் மலைக்கு வேலைக்குப் போய்விட்டீர்கள். அப்புறம் நடந்ததும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஏழாம் வாய்ப்பாட்டில் நானே தடுமாறினேன். காளியாயி வாயிலிருந்து கையை எடுத்துச் சிரித்துவிட்டாள். அவள் சரியும் முன்பே பக்கத்துப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். என் சால்வையை விரித்துப் படுக்க வைத்தோம். அப்படியே தூங்கிவிட்டாள். ஒருவரும் சிலேட்டைத் தொடவில்லை.

கண் விழித்ததும், நான் தடுமாறிய இடத்திலிருந்து வாய்ப்பாட்டை அவளே சொல்லி முடித்தாள்.

தங்கள்,
ஜெயரத்தினம்