வாயை மூடு, நெஞ்சை நிலத்தில் வை

மே 2, 2025, வெள்ளி

மகள் றொஷினி பனிக்காலத்தில் இருந்து துவக்குச் சுடப் பழகுகிறாள். லவால் நகருக்கும் அப்பால் ஒரு கழகம், அறுநூறு மீற்றர் தள்ளி ஒரு இரும்புத் தட்டு, அதைக் குறிபார்த்துச் சுட வேண்டும். புதியவர்கள் சோடியாகத்தான் வரலாமாம். ஒருவர் சுட, மற்றவர் பக்கத்தில் படுத்துத் தூரநோக்கியால் காற்றைப் பார்த்துச் சொல்வார். அவளுடைய சோடி ஷெரோன் கையை முறித்துக்கொண்டாள். யூன் ஏழு போட்டி.

"நீங்கள் வாங்கோவன் அப்பா. சும்மா படுத்திருந்தால் போதும்."

சும்மா படுத்திருப்பதா! ஓம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

மே 6

நான் வேலை செய்கிற பேக்கரியில் ஒரு தட்டு விழுந்தது. நான் மேசைக்குக் கீழே.

"என்ன தேவதாசன், காசு விழுந்திட்டுதோ?" என்றார் கூட வேலை செய்கிற உருத்திரமூர்த்தி அண்ணை. ஓம் என்றேன்.

மே 10, சனி

போனேன். பயிற்றுநர் ஜினெட் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல றொஷினி எனக்குத் தமிழில் சொன்னாள். அவசரப்படாதே. மூச்சை விட்டு, அது அடங்கும் இடத்தில் விசையை மெல்ல அழுத்து. தட்டை மட்டும் பார்க்காதே, இடையில் நிற்கிற புல்லைப் பார், காற்று அங்கேதான் தெரியும். முக்கியமாக, எப்போது வெடிக்கும் என்று எதிர்பார்க்காதே. எதிர்பார்த்தால் உடம்பு முந்திப் பதறிவிடும்.

முதல் வெடி. காதுமூடி போட்டிருந்தும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"அப்பா, ஏன் வாயை ஆவெண்டு வைச்சிருக்கிறீங்கள்? நெஞ்சை நிலத்தில வையுங்கோ, தூரநோக்கி ஆடுது."

அப்போதுதான் கவனித்தேன். முழங்கையை ஊன்றி, நெஞ்சை உயர்த்தி, வாயைத் திறந்தபடி கிடக்கிறேன். சண்டைக் காலத்தில் ஷெல் அடிக்கும்போது அப்படித்தான் படுக்க வேண்டும். நெஞ்சு நிலத்தில் பட்டால் அதிர்வு உள்ளே போகும், வாயை மூடினால் காது வெடிக்கும். மன்னாரில் பள்ளிக்கூடத்தில் பழக்கினது. மூச்சு எடுக்கக் கஷ்டம் என்று பிள்ளைக்குப் பொய் சொன்னேன்.

மே 13

பயமாக் கிடக்கு. வேற என்னத்தை எழுத.

மே 24, சனி

இன்றைக்கும் வாய் திறந்தபடிதான். கண்ணை மூடி மூடிக் காற்றைப் பிழையாகச் சொன்னேன். ஒன்றும் படவில்லை. காரில் வரும்போது அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "உங்களுக்கு விருப்பமில்லாட்டிச் சொல்லுங்கோ. நான் விடுறன்."

ஐயோ, என்னால் அவள் விடுவதா? வெடியை விட அதுதான் கூடப் பயம்.

மனைவி இமெல்டாவிடம் சொன்னேன். "பெத்த பிள்ளையிட்டச் சொல்ல என்ன வெக்கம்? அவளென்ன உங்களைக் கடிச்சுத் தின்னவே போறாள்?"

மனிசிக்கு எல்லாம் லேசு. பயமில்லாத அப்பா என்றல்லவா மகள் நினைத்திருக்கிறாள்.

மே 25, ஞாயிறு

பூசை முடிந்து, கோயில் வாசலில் வைத்து றொஷினியிடம் சொன்னேன். வாய், நெஞ்சு, எல்லாம்.

"அப்ப உங்களுக்கு எத்தினை வயசு?"

"பதினொண்டு."

காரைத் தானே ஓட்டுகிறேன் என்றாள்.

யூன் 7

போட்டி. முதல் வெடிக்கு முன் அவள் மெல்லச் சொன்னாள்: "இப்ப, அப்பா." பிறகுதான் வெடித்தது. அடுத்ததற்கும் சொன்னாள். கடைசி வரைக்கும் சொன்னாள். எதிர்பார்க்காதே என்பதுதானே முதல் பாடம்? என் பிள்ளை ஒவ்வொரு முறையும் எதிர்பார்த்து, எனக்குச் சொல்லிவிட்டுச் சுட்டாள். மூன்றே மூன்றுதான் தட்டில் பட்டது. ஜினெட் தலையில் கை வைத்தார். "பாடம் தெரியாமலோ செய்தனான்?" என்று சிரித்தாள் றொஷினி.

பயம் போகவில்லை. ஆனால் கண்ணை மூடாமல் புல்லைப் பார்த்தேன்.

யூன் 24

செயின்ட்-ஜான் திருநாள் விடுமுறை. இருட்டினதும் பூங்காவில் வாணவேடிக்கை. வருடாவருடம் இந்த நேரம் நான் யன்னல்களைப் பூட்டிவிட்டுக் குளியலறைக்குள் இருப்பேன். இன்றைக்கும் யன்னலைப் பூட்ட எழும்பினேன். றொஷினி வந்து என் கையைப் பிடித்து யன்னலடியில் இருத்தினாள்.

வானத்தில் பச்சையாக வெளிச்சம் விரிந்தது.

"இப்ப, அப்பா," என்றாள்.

பிறகுதான் சத்தம் வந்தது.