நாய் நடந்த செங்கல்

மல்லியும் மிளகும் வறுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மருமகளுக்குப் பிள்ளை பிறந்து ஆறு நாள். சரக்குத்தூள் இடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தேன். சட்டியிலிருந்து புகை எழும்பியதுதான் தாமதம், முகட்டிலிருக்கும் புகை மணி கத்தத் தொடங்கிவிட்டது. பேத்தி ஓடிவந்து துவாயால் விசிறினாள். நான் பின்கதவைத் திறந்து, அது சாத்திக்கொள்ளாமல் அந்தச் செங்கல்லைக் காலால் தள்ளி முட்டுக் கொடுத்தேன். அப்போது நீ சிரிப்பது போல இருந்தது. இந்த லண்டன் மனோர் பார்க் வீட்டில் ஒரு சட்டி மல்லி வறுக்க ஏலவில்லை. நீயும் நானும், அகதிகளாக ஒரே அறையில் கிடந்த நாங்கள் இரண்டு பேரும், ஜெர்மன் பிரபு கட்டிய கோட்டை வீட்டுக்குள் கள்ள அடுப்பு மூட்டியவர்கள்.

அந்த வீட்டை இப்போது விடுதியாக்கிவிட்டார்கள், உனக்குத் தெரியாது. பேத்தி வேலை விஷயமாக அந்தப் பக்கம் போனவள், நான் ஓயாமல் சொன்ன இடமாயிற்றே என்று பார்க்கப் போய், அதன் சரித்திரப் புத்தகம் ஒன்றைப் போன கிழமை கொண்டுவந்தாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவள் வாசித்துச் சொல்ல, கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் அகழி சூழ்ந்த கல்வீடாக எழும்பியதாம். ஒரு போரில் எரிந்ததாம். பிறகு வந்த வாரிசு, எரிந்து மிஞ்சிய சுவரின் மேலேயே செங்கல்லால் மாளிகை கட்டினானாம். வாசல் வளைவில் இருக்கும் குடும்பச் சின்னத்துக்கு ஒரு பக்கம், மாடிக் கூடத்து முகட்டில் சுண்ணாம்பில் செய்த பூவேலைக்கு இரண்டு பக்கம். பெரிய போருக்குப் பிறகு கிழக்கிலிருந்து வந்த அகதிகள் தங்கியதாக ஒரு வரி. அவர்கள் ஜெர்மன்காரர், ஆகவே ஒரு வரி கிடைத்திருக்கிறது. அடுத்த வரியில், புதுப்பிக்கும்வரை கட்டடம் வெறுமையாகக் கிடந்தது என்று எழுதியிருக்கிறார்கள்.

வெறுமையாக. அந்தச் சொல்லை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னேன்.

தஞ்சம் கேட்டு வந்த நாங்கள் எண்பது பேருக்கு மேல் அங்கே இருந்தோம். இவர் கொழும்பில் நிற்க, நான் நிறைவயிற்றோடு போய்ச் சேர்ந்தேன். பழைய கோபுரத்து அறையில் எனக்கும் உனக்கும் இரண்டு கட்டில். நடுவில் தேய்ந்து கிண்ணமாகிப்போன சுழல் படிகளில் என் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டுபோனவள் நீ. யாழ்ப்பாணம் குருநகர் மேசனின் மகள். மற்றப் பெண்கள் கடிதம் எதிர்பார்த்து வாசலில் நிற்க, நீ சுவரைத் தட்டித் தட்டிக் காது வைத்தாய். கீழே ஆள் நுழைய முடியாத சின்னச் சன்னல்களும் இரண்டு முழத் தடிப்புச் சுவரும், மேலே ஆளுயரச் சன்னல்களுமாக இருந்ததைக் காட்டி ஒருநாள் சொன்னாய்:

"கீழ கட்டினவன் பயத்தில கட்டியிருக்கிறான். மேல கட்டினவன் நாலு பேர் பாக்கவெண்டு கட்டியிருக்கிறான்."

இரண்டு பக்கம் எழுதியவனுக்கு அது தெரியவில்லை.

மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியால் வந்த எனக்குப் பொது அடுக்களையில் தந்தது குளிர்ந்த உருளைக்கிழங்கும் புளிக்கவைத்த முட்டைக்கோவாவும். பிள்ளை பெற்றவள் சரக்கரைத்த கறி தின்னாமல் எப்படிப் பால் சுரக்கும்? சுரக்கவில்லை. குழந்தை அழுதழுது குரல் அடைத்தது. அறையில் சமைக்கக்கூடாது என்பது கட்டளை. நீ மேற்பார்வைக்காரனிடம் மூன்று முறை போய்க் கேட்டாய். மூன்று முறையும் சுவரில் ஒட்டிய தாளைக் காட்டினான். அவன் முகம் எனக்கு மறக்காது. மறக்கவும் மாட்டேன்.

நாலாம் நாள் எங்கள் அறைச் சுவரிலிருந்த மாடத்தைத் தட்டினாய். நான் அதற்குள் பிள்ளையார் படம் வைத்திருந்தேன், நீ பக்கத்தில் மாதாவை வைத்திருந்தாய். இரண்டு பேரையும் எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டுச் சொன்னாய்: "இது சாமி மாடமில்லையடி, அடுப்படி. பின்னுக்குப் புகைபோக்கி இருக்கு, ஆரோ அடைச்சு வச்சிருக்கினம்."

கரண்டிக் காம்பால் சாந்தைச் சுரண்டி ஒரு செங்கல்லை உருவினாய். உள்ளேயிருந்து குளிர்காற்று வந்தது. அந்தக் கல்லில் ஒரு நாயின் காலடி பதிந்திருந்தது. சுடுவதற்கு முன் வெயிலில் காயப்போட்ட ஈரக் கல்லின் மேல் நாய் ஓடியிருக்கிறது என்று நீ விளங்கப்படுத்தினாய். காட்டில் பொறுக்கிய பைன் காய்களை எரித்து, கோழிக்குஞ்சுக்குச் சரக்கரைத்துக் கறி வைத்தாய். அதற்கு மூன்றாம் நாள் பால் வந்தது.

மூன்று மாதம் மணம் பிடித்துத் திரிந்தும் மேற்பார்வைக்காரனால் அடுப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் ஒரு காலை முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறான். எத்தனையோ காலமாகச் செத்துக் கிடந்த புகைபோக்கி புகைத்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தபோது நான் மடியில் பிள்ளையோடு தின்றுகொண்டிருந்தேன். யார் செய்தது என்று கத்தினான். நீ நெஞ்சில் தட்டி, "நான், நான் மட்டும்" என்று அவன் மொழியிலேயே சொன்னாய். அந்தக் கிழமைக்குள் உன்னை வேறு ஊர் முகாமுக்கு ஏற்றிவிட்டார்கள்.

அதற்காக உன்னை நான் மன்னிக்கவில்லை. லண்டனுக்கு வந்த பிறகும் தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் கேட்டேன், என்னைக் கேளாமல் ஏன் பழியைத் தனியாக எடுத்தாய் என்று. நீ சிரிப்பாய். "உன்ர வாய் நிறையச் சோறெடி. ஆராவது ஒராள் பேசத்தானே வேணும்." போன மாரியில் உன் மகன் செய்தி சொன்னபோதும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எங்கள் வழக்கு முடியவில்லை, நீ போய்விட்டாய்.

புத்தகத்தில் அந்த மாடத்தின் படமும் இருக்கிறது. கண்ணாடி போட்டு மூடியிருக்கிறார்கள். பிரபு வீட்டுப் பெண்கள் மெழுகுதிரி ஏற்றிச் செபித்த இடமாம். பல நூறு வருசத்துப் புகைக்கறையை அழியாமல் காத்திருக்கிறார்களாம். எடியே, அது உன் கோழிக்கறிப் புகை. கறைக்கு நடுவே ஒரு கல் மட்டும் வெளிறித் தெரிகிறது. ஓட்டையை அடைக்க ஆள் வந்த அன்று, உன் கல்லை நான் பிள்ளையின் மெத்தைக்குக் கீழே ஒளித்துவிட்டேன். அவன் புதுக்கல் வைத்துப் பூசிவிட்டுப் போனான்.

விடுதிக்காரருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றேன். பேத்தி பயந்தாள். "அம்மம்மா, கல்லைப் பற்றிச் சொன்னா ப்ராப்ளம். டெக்னிக்கலி அது களவு."

"ஓம், களவுதான். எழுது."

அவள் தாழ்மையுடன் என்று தொடங்கினாள். அழிக்கச் சொன்னேன். அறை எது, எத்தனை பேர், யார் அடுப்பு மூட்டினோம், யாருக்காக மூட்டினோம், எல்லாவற்றையும் சொல்லி எழுதுவித்தேன். பின்கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை நாய்க்காலடி தெரியும்படி படம் எடுத்து வைத்தோம். கல் வேண்டுமென்றால் தருவேன், வெறுமையாகக் கிடந்தது என்ற அந்த வரியை முதலில் மாற்றட்டும். வெறுமனே ஓடிப்போன நாய்க்கு இவ்வளவு காலம் இடம் இருந்த வீட்டில், பிள்ளை வளர்த்த எங்களுக்கு இல்லை என்று ஒருவன் எழுதினால் நான் விடமாட்டேன்.

கடைசியில் என் கையெழுத்தைத் தமிழில் போட்டேன். எனக்கு மேலே உன் பெயரை எழுதினேன். கடிதத்தில் 'நாங்கள் இரண்டு பேரும்' என்று வரும் இடத்தைப் பேத்தியிடம் கேட்டு, அதற்குக் கீழே இரண்டு கோடு இழுத்தேன்.

இந்த முறை என் வாயில் சோறு இல்லை.