தங்கச்சி வீட்டுத் திறப்பு

என் அருமை ஐயா,

துறைமுகத்தில் குண்டு விழுந்த பிறகு கொழும்பில் பாதிச் சனம் ஊருக்கு ரயிலேறிவிட்டது. நாங்கள் வெள்ளவத்தையில்தான் இருக்கிறோம். நீங்கள் கண்மூடி ஒரு வருசமாகிறது, ஆட்டைத் திவசம் வரப்போகிறது. உங்கள்மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

கொட்டாஞ்சேனைக் கொட்டகையில் ஊமைப் படங்களுக்குத் திரையோரம் நின்று கதை சொல்வீர்களே, அந்தச் சொத்து வழக்குப் படம் நினைவிருக்கிறதா? தகப்பன் செத்ததும் இரண்டு மகன்மாரும் வீட்டுக்காக அடிபடுவார்கள். முன்வாங்கிலிருந்து யாழ்ப்பாணத்து மனுசன் ஒருவர் கத்தினார்: "வீடு பெட்டைக்கெல்லோ சீதனமாப் போறது? உவங்கள் ஏன் அடிபடுறாங்கள்?"

நீங்கள் அசரவில்லை. திரையில் ஒரு மூலையில் நின்ற வேலைக்காரியை அந்த இடத்திலேயே தங்கச்சியாக்கிவிட்டீர்கள். கடைசியில் மூத்தவன் வீட்டுப் பூட்டின் திறப்பை வாங்கிச் சட்டைப்பையில் போட்டதும், "அவளுக்காகத்தான் வாங்கி வைச்சிருக்கிறான்!" என்றீர்கள். என்ன கைதட்டல்! நானும் தட்டினேன்.

சனத்துக்குச் சொன்ன கதையை நீங்களே நம்பிவிட்டீர்களா, ஐயா?

எனக்கு இந்த வீட்டைச் சீதனமாக எழுதித் தந்தீர்கள். தங்கச்சி பூமணிக்கென்று வைத்திருந்த கொட்டாஞ்சேனை வீட்டை மட்டும் ஏன் தம்பியின் பெயரில் எழுதினீர்கள்? "தங்கச்சியின்ர கலியாணத்துக்கு அவன் குடுப்பான். என்ர பிள்ளையெல்லோ" என்று சிரித்தீர்கள்.

விற்றுவிட்டான், ஐயா. குண்டு விழுந்த கிழமையே விற்றுவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். மாப்பிள்ளை வீட்டார் சீதன வீட்டைப் பார்க்க வந்தபோது வேறு குடும்பம் கதவைத் திறந்தது. "வீடில்லாத பெட்டையை எங்கட தலையில கட்டப் பாத்தியளோ?" என்று மாப்பிள்ளையின் தாய் தெருவில் நின்றே கேட்டார். பூமணி பக்கத்தில்தான் நின்றாள்.

அன்றிலிருந்து அவள் என்னோடு இருக்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், அவ்வளவுதான். நேற்று உங்களுக்காகப் பரிந்து பேசப் போனேன்.

"ஐயா பாவமடி. நல்லதைத்தான் நினைச்சவர்."

"ஓம் அக்கா. அண்ணையின்ர மனசில இருந்த நல்லதையெல்லாம் ஐயாதான் சொன்னவர். அண்ணை ஒருநாளும் தன்ர வாயால சொல்லேல்லை."

குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

உங்கள் மருமகனும் சம்மதித்துவிட்டார். இந்த வீட்டில் பாதியைப் பூமணியின் பெயருக்கே எழுதுகிறோம். கலியாணம் நடக்குமோ தெரியாது. அவளை இனி ஒருத்தரும் வீடில்லாதவள் என்று சொல்லக்கூடாது.

திவசத்துக்கு உங்களுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைப்பேன். வருகிறவர்கள் தம்பியைக் கேட்பார்கள். அவனுக்காக ஒரு நல்ல வார்த்தையும் நான் சொல்லமாட்டேன், ஐயா. இது சத்தியம். உங்கள் மகன் வந்து தன் வாயால் சொல்லட்டும்.

உங்களைத் திட்டித் திட்டியே அழுகிற மூத்த மகள்,
இராசம்மா