உள்தாழ்ப்பாள்

அன்பு மகன் அருள்குமாருக்கு, அப்பன் கன்னையன் சொல்லச் சொல்ல உன் தம்பி பெண்சாதி தமிழ்மதி எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகம், புனேயில் நீயும் உன் பிள்ளைகளும் சுகமாக இருக்க அவிநாசியப்பனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். போனில் பேசினால் உன் தம்பி முகிலன் பக்கத்திலேயே நிற்கிறான், நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து என் வாயை அடைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் இந்தக் காகிதம், தமிழ்மதி போட்டோ எடுத்து உனக்கு மட்டும் அனுப்புவாள்.

நீ வாங்கி அனுப்பிய பம்பை வைத்து அவன், நாம் பனியன் கம்பெனி வேஸ்ட் மூட்டைகளை அடுக்கும் அறையில் காரின் முன்மூடியான பானெட் செய்கிறான். அச்சின் மேல் கறுப்புத் துணியை விரித்து, பிளாஸ்டிக் தாளால் மூடிக் காற்றை உறிஞ்சினால் ரெசின் பசை துணிக்குள் பரவிக் கல்லாகிறது. ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன், நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. பஞ்சுத் தூசி விழுந்தால் கெட்டுவிடும் என்று ஜன்னலுக்கெல்லாம் டேப் ஒட்டி உள்ளே தாழ் போட்டுக்கொள்கிறான், அதுதான் எனக்கு ஆகவில்லை.

போன வாரம் பிளாஸ்டிக் மக்கில் மீந்த ரெசின் தானாகச் சூடேறிப் புகைந்து மக்கையே உருக்கிவிட்டது. ரெசின் துடைத்த துணியையும் எண்ணெய்க் கையைத் துடைத்த துணியைப் போடுவதுபோல வேஸ்ட் மூட்டையிலேயே திணித்திருக்கிறான். திங்கட்கிழமை மூட்டையைத் தொட்டேன், காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருந்தது. வெளியே இழுத்து அவிழ்த்தால் நடுவே கருகல். கேட்டால், "ஹார்டனர் கொஞ்சம் கூடிப்போச்சுங்கப்பா" என்கிறான், பசையை இறுக்கும் மருந்தாம் அது.

எனக்கு எழுத்தும் தெரியாது, மறதியும் தெரியாது. நீ பிறந்த வருசம் சாமளாபுரத்துப் பஞ்சு குடோனில் இதே சூட்டைத் தொட்டேன். மேஸ்திரியிடம் சொன்னதற்கு, "ஏன் கன்னையா, மூட்டைக்கு ஊசி போட்டர்லாமா?" என்று கேட்டார். மூன்றாம் நாள் குடோன் தீப்பிடித்தபோது, என்னோடு வேலை செய்த அய்யாசாமி உள்ளே தாழ் போட்டுவிட்டுப் படுத்திருந்தான். கதவை உடைத்தபோது அவன் கை தாழ்ப்பாளின் மேல் இருந்தது.

வெள்ளிக்கிழமை பெரிய பானெட்டாம், நாலு லிட்டர் ரெசினை ஒரே வாளியில் கலக்கப் போகிறானாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கச் சொல், மூட்டைகளை முதலில் வெளியேற்றச் சொல், கற்றுக்கொடுத்தவன் நீ, உன் பேச்சைத்தான் கேட்பான். "அவருக்குக் கோபம் வருமுங்க மாமா" என்று தமிழ்மதி பாதியில் பேனாவை வைத்துவிட்டாள், அய்யாசாமி கதையைக் கேட்டபின் அவளே எடுத்துக்கொண்டாள்.

உள்தாழ்ப்பாளை இன்று காலை நானே கழற்றி அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டேன். அவன் இன்னும் பார்க்கவில்லை. பார்த்தால் கடைக்குப் போய் வேறு வாங்கி மாட்ட அரை மணி நேரம் போதும், அதற்குள் பேசிவிடு கண்ணு.

நீயும் உன் குடும்பமும் குறைவில்லாமல் நூறு வருசம் இருக்கணும். வெள்ளிக்கிழமையை மறக்காதே.

இப்படிக்கு,
கைநாட்டு வைத்த அப்பன்,
கன்னையன்