கண்ணாடி மேல வெச்ச கல்லு

என்னங்க,

இங்க மழை இன்னும் விடல. பாப்பா ஸ்கூலுக்குப் போறா. மிஞ்சின ஒரு சோலார் பெனல்ல, மாமா படத்துக்கு முன்னால பல்பு எரியுது. போன் பேசுறப்ப அத்தை பக்கத்துலயே உக்காந்திருக்காங்க. அதான் எழுதி, டோஹா திரும்புற சோலைமலை அண்ணன்கிட்ட குடுத்து விடுறேன்.

வயசான மனுசன ஏன் கூரையில ஏறவிட்டன்னு காரியத்தன்னைக்கும் கேட்டீங்க, நேத்தும் கேட்டீங்க.

நீங்க வாங்கி அனுப்பின சோலார் பெனல் ரெண்டையும் ஹட்டன் டவுன்லருந்து வந்த ஆளு நல்லாத்தான் பூட்டிட்டுப் போனாரு. சுத்திச் சட்டம் கெடையாது, வெறும் கண்ணாடி. ரப்பர் வெச்ச கிளிப்பு மட்டுந்தான் புடிச்சிருக்கு. மேல பாரம் வைக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. மாமாவும் தலையாட்டினாரு.

அப்புறம் காத்து தொடங்கிருச்சு. நம்ம தோட்டத்து லயத்து வீடுகள்ல காத்தடிச்சா எல்லாரும் தகரத்து மேல கல்லு ஏத்துவாங்கல்ல, மாமா கண்ணாடி மேலயும் ஏத்தப் போனாரு. ஏணியப் புடிச்சுக்கிட்டு, வேணாம் மாமான்னு கத்தினேன்.

"சட்டமில்லாத சாமான், பறந்துரும் புள்ள"ன்னாரு.

கல்ல வெச்சு, அது மேலயே கைய ஊனினாரு. கண்ணாடி பொலபொலன்னு உதிர்ந்துச்சு. கீழ தண்ணி ஓடுற சிமெந்துக் கானு. அதுக்கு மேல எழுத வரல.

ஏன் ஏறினாருன்னுதானே கேட்டீங்க? அன்னைக்கு மத்தியானம் நீங்கதான் போன் பண்ணி, "அப்பா, காத்துல போயிராமப் பாத்துக்கங்க"ன்னு சொன்னீங்க. சோத்துல கை வெச்சவரு அப்படியே எந்திரிச்சிட்டாரு.

அத்தைக்கு இது தெரியாது. நான்தான் ஏத்திவிட்டேன்னு லயமே கேக்க ஏசுறாங்க. ஏசட்டும். நீங்களும் போன்ல அத்தை கேக்க என்னையவே ஏசுங்க.

உங்க மகளோட அம்மா